வீட்டுக்கு ஆடித் தள்ளுபடி

பேரம் பேசுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லி மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கினாலும் சரி, கடையில் பட்டுப்புடவை எடுத்தாலும் சரி, என் முறை ஒன்றுதான். பிடித்த பொருளை நேராகப் பார்க்கவே கூடாது. பிடிக்காத நாலைந்தைக் கையில் எடுத்து, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி வைத்துவிட்டு, கிளம்பும்போது போனால் போகிறது என்று பிடித்ததைத் தொட வேண்டும். அந்த நேரத்தில் முகத்தில் லேசான வயிற்றுவலி தெரிய வேண்டும். நான் பார்க்கும் வேலையும் இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளைம் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவள் நான். குறை கண்டுபிடிப்பதற்கே மாதச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டுக்கு வந்ததும் அதை நிறுத்திவிடுவாளா? என் கணவரைக் கேட்டால் சொல்வார். கேட்காதீர்கள், சீக்கிரம் முடிக்க மாட்டார்.

திருச்சியிலிருந்து வந்த நாளிலிருந்து நாங்கள் காட்டுப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. இந்த வாடகை வீட்டுச் சமையலறையில் ஜன்னல் இல்லை. பாத்திரம் துலக்கும்போது எனக்கு நேரே தெரிவது ஒரு வெள்ளை டைல்ஸ். அதில் ஓரமாக ஒரு விரிசல். இத்தனை வருடமாக அந்த விரிசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது எப்போது எவ்வளவு நீண்டது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

மாங்காட்டில் அந்த வீட்டைத் தற்செயலாகப் பார்த்தோம். கோயிலுக்குப் போய்விட்டு, ஒருவழிப் பாதையில் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை ஏதோ ஒரு தெருவுக்குள் விட்டார் என் கணவர். கேட்டில் ஒரு அட்டை தொங்கியது. ‘வீடு விற்பனைக்கு. இடைத்தரகர்கள் மன்னிக்கவும்.’ கையெழுத்து அவ்வளவு அழகு. உள்ளே போனால் அதை எழுதியவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் மனைவியும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலில் மாதா படம், அதைச் சுற்றி மினுக் மினுக்கென்று சீரியல் லைட். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாளாம், அவளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார்கள். டீச்சர் ஒரு தட்டு நிறைய அச்சு முறுக்கைக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒன்றை எடுத்து, பாதி கடித்து, மீதியைத் தட்டோரத்தில் வைத்தேன். நல்ல முறுக்குதான். ஆனால் பேரம் அங்கேயே தொடங்கிவிட்டது.

சமையலறைக்குப் போனேன். பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு நேரே ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் கொய்யா மரம். அதில் ஒரு அணில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள்தான் நான், அப்போதுகூட இவ்வளவு அடித்துக்கொண்டதாக நினைவில்லை.

“கிச்சன்ல வெயில் ரொம்ப அடிக்குமே சார்” என்றேன், வயிற்றுவலி முகத்தோடு.

என் கணவருக்கு இந்தக் கலை வராது. மொட்டை மாடிக்குப் போனதும் “ஆஹா! என்ன காத்து!” என்று கைகளை விரித்துவிட்டார். நான் முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு கிள்ளினேன். “ஆ… காத்துல தூசி வரும்ல சார்?” என்று மாற்றிக்கொண்டார். பழகிய மனுஷர்.

சார் விலை சொன்னார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கொஞ்சம் குறைத்தார். நான் செருப்பை மாட்டினேன். இன்னும் கொஞ்சம் குறைத்தார். நான் கேட் வரைக்கும் நடந்து, நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு விலை சொன்னேன். சாரும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சரிம்மா. உங்களுக்கே கொடுத்துடறோம்” என்றார் சார். என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாளே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம்.

“இந்த வாரமே அக்ரிமெண்ட் போட்டுடலாமா?” என்று கேட்டார் சார்.

அது ஆனி மாதக் கடைசி. “அதுக்குள்ள ஆடி பொறந்துடும் சார். ஆவணியில போட்டுக்கலாம்” என்றேன்.

“எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான் ஆவணியும் ஒண்ணுதாம்மா. உங்க வசதி எப்படியோ அப்படிப் பண்ணுங்க. அக்ரிமெண்ட் ஆனதும் அட்டையைக் கழட்டிடறேன்” என்றார்.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது குமணன்சாவடி சிக்னல் வரைக்கும் முகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். சிக்னல் தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்தில் போன ஆட்டோக்காரர் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஓரங்கட்டினார்.

இத்தோடு வாயை மூடிக்கொண்டு ஆவணிக்காகக் காத்திருந்தால் இந்தக் கதையை இப்போது அந்தச் சமையலறையில் உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

ஆடி பிறந்தது. எங்கே திரும்பினாலும் தள்ளுபடி. பாத்திரக் கடை, துணிக் கடை, பல் ஆஸ்பத்திரி வரைக்கும் ஆடித் தள்ளுபடி போர்டு வைத்திருந்தார்கள். ஒரு நாள் அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய கிளைமைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று தோன்றியது: சார் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார்? செருப்பு மாட்டியதற்கே அவ்வளவு இறங்கியவர், கேட்டுக்கு வெளியே போயிருந்தால் இன்னும் எவ்வளவு இறங்கியிருப்பார்? ஊரே தள்ளுபடி வாங்கும்போது நான் மட்டும் முழு விலைக்கு ஏமாந்துவிட்டேனோ? அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

வீடு வாங்குகிறவர்கள் இங்கே ஒரு வேலை செய்வார்கள். தெரிந்த யாரையாவது வாங்குகிற ஆள்போல அனுப்பி, குறையாக அடுக்கச் சொல்லி, அடிமாட்டு விலைக்குக் கேட்கவைப்பார்கள். விற்பவர் மனம் தளர்ந்து போவார். பிறகு நாம் போய்க் கேட்கும் விலை அவருக்குப் பெரிதாகத் தெரியும். டம்மி பார்ட்டி என்று பேர். பொதுவாக இதைப் பேசி முடிப்பதற்கு முன்னால் செய்வார்கள். பேசி முடித்த பிறகு செய்யலாம் என்று யோசித்தது அநேகமாக நான் ஒருத்திதான்.

“பேசி முடிச்சாச்சு. அவங்க வார்த்தை குடுத்தாச்சு. இது தப்பு” என்றார் என் கணவர்.

“தப்பு இல்லங்க. தள்ளுபடி” என்றேன்.

டம்மிக்கு நான் தேர்ந்தெடுத்தது என் கணவரின் நண்பரை. போரூரில் இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே டீம். பிறந்து வளர்ந்தது எல்லாம் ஆவடி. அமெரிக்காக்காரர்களோடு நாள் முழுக்க இங்கிலீஷில் மீட்டிங் பேசுவார், போனை வைத்துவிட்டு நம்மிடம் திரும்பினால் அசல் மெட்ராஸ் பாஷை. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆவடியில் அப்பா கட்டிய வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வீடு வாங்கும் எண்ணமே இல்லாதவர். அதனால்தான் அவரைப் பிடித்தேன். என்னவொரு முன்யோசனை!

அவருக்குப் பதினான்கு குறைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படி செங்குத்து, பாத்ரூம் சின்னது, தெரு குறுகல், கொய்யா மர வேர் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போய், பதினான்காவதாக ‘தண்ணீர் உப்பு’ என்று முடித்தேன். நான் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. எங்கே போனாலும் கேன் தண்ணீரை பாட்டிலில் எடுத்துப் போகிறவள். இந்தப் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பாகத்தானே இருக்கும் என்று எழுதிவிட்டேன்.

ஒத்திகை எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. நான் சாராக நடித்தேன். அவர் செல்போனைப் பார்த்துப் பார்த்துக் குறை சொன்னார். ஒன்பதாவது குறையில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. இத்தினி கொறை கீற ஊட்ட நீ இன்னாத்துக்கு வாங்குற?”

“அண்ணா, இதெல்லாம் சும்மாண்ணா. வீடு நல்லா இருக்கு.”

“அப்ப நல்லா கீதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா விலையை ஏத்திடுவாங்கண்ணா!”

“பேஜாரா கீதும்மா உங்க ரூட்டு” என்று தலையைச் சொறிந்தார். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அப்போதுதான் நிஜமான பார்ட்டி மாதிரி இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனார்கள். பதினான்கு குறை சொல்ல அரை மணி நேரம் போதும். ஒரு மணி ஆகியும் சத்தமே இல்லை. என் கணவர் போன் போட்டார், ஸ்பீக்கரில் வைத்தார்.

“சாப்ட்டுகினு கீறோம் மச்சான்” என்றது குரல். “டீச்சரம்மா மீன் கொழம்பு வச்சிகீறாங்க. அப்பால பேசறேன்.”

குறை சொல்லப் போன வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பா? என் கணவர் என்னைப் பார்த்தார். “ஆள் வேலையைப் பக்காவா பண்றார், நம்பிக்கை வரவெச்சுட்டு அப்புறமாதான் அடிப்பார்” என்று நான் விளக்கம் சொன்னேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பல்வலி வந்துவிட்டது. அலுவலகத்தில் மதியம் என் கணவரோடு சேர்ந்து சாப்பிட வரவில்லை. மறுநாளும் பல்வலி. அடுத்த வாரமும் பல்வலி. ஆடித் தள்ளுபடி போட்டிருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரியைச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆடி பாதி தாண்டிய பிறகு சார் போன் செய்தார். குரல் தழைந்திருந்தது.

“அம்மா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இன்னொரு குடும்பம் வந்து பார்த்தாங்க. கூடுதலாவே கேட்கறாங்க. ஆடி கீடின்னு இல்லாம உடனே ரிஜிஸ்டர் பண்ணிக்கறோம்னு சொல்றாங்க. நானும் டீச்சரும் ரொம்ப யோசிச்சோம். உங்க அட்வான்ஸை நானே கொண்டாந்து கொடுத்துடறேன். உங்களுக்கும் ஒரு நிம்மதிதானேம்மா?”

நியாயமாக நான் அப்போது அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது சிரிப்பு. போனைக் கையால் பொத்திக்கொண்டு என் கணவரிடம் கிசுகிசுத்தேன். “சார் நமக்கே டம்மி பார்ட்டி விடறாருங்க! இல்லாத ஆளைச் சொல்லி விலையை ஏத்தப் பாக்கறாரு. கணக்கு வாத்தியார் இல்லையா, மூளை!” உள்ளுக்குள் அவர் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

“ஒருவேளை நிஜமா ஆள் இருந்துட்டா?” என்றார் என் கணவர்.

“நீங்க சும்மா இருங்க.” கையை எடுத்துவிட்டு, குரலை அலட்சியமாக வைத்துக்கொண்டு, “பரவாயில்ல சார். அந்தத் தண்ணி, அந்தப் படி எல்லாம் பார்த்தா எங்களுக்கும் யோசனையாத்தான் இருந்துச்சு. கொடுத்துடுங்க” என்றேன்.

ரெண்டே நாளில் திரும்பக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, கவரைக் கொடுத்தார். அதே கவர். ஒட்டியிருந்த ஒரு ரூபாய்கூட அப்படியே இருந்தது. டீச்சர் கொடுத்தனுப்பியதாக ஒரு டப்பா அச்சு முறுக்கும் கொடுத்தார். டம்மி பார்ட்டி விடுகிறவர் முறுக்கோடு வரமாட்டார் என்பது அவர் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் நண்பர் வந்தார். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. பல்வலிக்காரர் வாங்கி வருகிற சாமானா அது? உள்ளே வராமல் செருப்பு விடும் இடத்திலேயே நின்றார்.

“குந்துங்கண்ணா” என்றேன், அவர் பாஷையிலேயே. எனக்கு இன்னும் எதுவும் புரியவில்லை.

“நிக்கறேன் தங்கச்சி. அட்ச்சின்னா ஓட சௌகரியமா இருக்கும்.” மைசூர்பாகுப் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தார். “நீ சொன்ன மாரியேதான் பேசிகினு இருந்தேன். படி செங்குத்துன்னேன். பாத்ரூம் சின்னதுன்னேன். பதிமூணும் சொல்லிட்டேன், மெய்யாலுமே. தண்ணி உப்புன்னு சொல்லணும்ல? வாயில வைக்காம எப்டி சொல்றது? ஒரு டம்ளர் குடுங்க டீச்சர்னு வாங்கி குட்ச்சேன். அங்கதான் மேட்டர் கயண்டுகிச்சு.”

“என்ன ஆச்சு?”

“எளனி மாரி கீது தங்கச்சி! போர் தண்ணி! சின்ன வயசுல லாரி தண்ணிக்குக் கொடத்தத் தூக்கிகினு ஓடனவன் நானு. எங்க ஊட்டுத் தண்ணில இன்னிக்கும் பருப்பு வேகாது. என் பொண்டாட்டி ஒரு டம்ளர் குட்ச்சா, இன்னொரு டம்ளர் வாங்கிக் குட்ச்சா, அப்டியே கிச்சன்ல நின்னுகினு அழுவறா. இன்னா பண்ணுவேன் சொல்லு? வாய் தவறி, ‘சார், ஊடு ரொம்பப் பிடிச்சிகீது, எங்களுக்குக் குடுங்க’ன்னு கேட்டுட்டேன்.”

நான் கத்தினேன். கீழ்வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்குக் கத்தினேன். துரோகி என்றேன், இனி தங்கச்சி என்று கூப்பிட்டால் நடப்பதே வேறு என்றேன். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நடுவில் ஒருமுறை மட்டும், “நீதான் தங்கச்சி அனுப்ச்ச” என்று சன்னமாகச் சொன்னார். அதற்கும் சேர்த்துக் கத்தினேன். என் கணவர் சமையலறைக்குள் போய்த் தட்டுகளைக் கழுவுவதுபோல் நின்றுகொண்டார். மைசூர்பாகை வாங்கவில்லை என்றுதான் எழுத ஆசை. வாங்கிக்கொண்டேன்.

ஆவணியில், நாங்கள் அக்ரிமெண்ட் போடுவதாக இருந்த அதே வாரத்தில், நண்பரின் வீட்டுப் பிரதிஷ்டைக்கு, அதாவது சர்ச்சுக்காரர்களின் கிரகப்பிரவேசத்துக்கு, அழைப்பு வந்தது. போகக் கூடாது என்று நான்கு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் புடவைக்கு இஸ்திரி போட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் ஸ்கூட்டரை எடுத்தார்.

போதகர் ஒவ்வொரு அறையாகப் போய் ஜெபம் செய்தார். எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். சமையலறை ஜெபம் முடிந்து கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தபோது நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். ஜன்னல் திறந்திருந்தது. கொய்யா பிஞ்சு விட்டிருந்தது. தொட்டியில் யாரோ போட்டுவிட்டுப் போன நாலைந்து டம்ளர்கள் கிடந்தன. எனக்கே தெரியாமல் குழாயைத் திறந்து அவற்றைத் துலக்க ஆரம்பித்தேன். பட்டுப்புடவையில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மரத்தைப் பார்த்தபடி. அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொறாமைதான், வேறென்ன. பொறாமையும் ஆசையும்.

“ஏம்மா, விருந்துக்கு வந்த இடத்துல நீங்க ஏன் துலக்கறீங்க?”

சார் வாசற்படியில் நின்றிருந்தார். விசேஷத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து அவரும் டீச்சரும் வந்திருந்தார்கள். முகத்தை மாற்றிக்கொள்ள எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

“சார், எனக்கு இந்த வீடு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு” என்றேன். “முதல் நாளே. இந்த ஜன்னலைப் பார்த்தப்பவே.”

அவர் அதிர்ந்துபோய்ப் பார்த்தார். “பிடிச்சிருந்துச்சா? வெயில் அடிக்கும்னீங்க. தூசி வரும்னீங்க. முறுக்கைக்கூடப் பாதியில வெச்சுட்டீங்களேம்மா?”

“பேரத்துக்காக சார்.”

சார் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். “அடக் கடவுளே. உங்க முகத்தைப் பார்த்து நானும் டீச்சரும் எவ்வளவு வருத்தப்பட்டோம் தெரியுமா? பிடிக்காத வீட்டை ஒரு பொண்ணு தலையில கட்டறோமேன்னு. வார்த்தை கொடுத்துட்டமே, எப்படி உங்களை விடுவிக்கறதுன்னு தெரியாம தவிச்சோம். அந்தத் தம்பி வந்து பிடிச்சிருக்குன்னு கேட்டதும்தான் எங்களுக்கு உயிரே வந்துச்சு. பணம் கூடக் கிடைக்குதேன்னு இல்லம்மா. நீங்க தப்பிச்சுட்டீங்கன்னு டீச்சர் அன்னிக்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்தினா.”

நான் குழாயை மூடினேன். பிடிச்சிருக்கு என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷர் வேறு யார் வந்தாலும் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். அத்தனை சாமர்த்தியமும் சேர்ந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லவிடாமல் காவல் காத்திருக்கிறது.

வெளியே பந்தலில் பிரியாணி பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர ஓடி வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உன்னை நினைச்சுப் பிரார்த்தனை பண்ணிக்கிட்டே இருந்தேம்மா” என்றார். “உன் மனசுக்குப் பிடிச்ச மாதிரி வேற வீடு அமைஞ்சிருக்குமே?”

“அமைஞ்சிருச்சு டீச்சர். ரொம்ப நல்ல வீடு” என்று சொல்லிவிட்டு, அதற்கேற்ற முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். வரவில்லை. பிரியாணித் தட்டோடு நின்றிருந்த அத்தனை பேர் முன்னாலும் டீச்சரின் தோளில் சாய்ந்து அழுதேன்.